பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி எர்த் வயரைப் பாருங்க

கோவத்துல எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். வீட்டுல பழைய டிராக்டர் வச்சிருக்கவங்க பொறுமையா படிங்க. உங்க காசு மிச்சமாகும்.

பக்கத்துக் கெபுன் (செம்பனைத் தோட்டம்) அண்ணன் ஒருத்தர். அவர் வண்டி மாஸி ஃபெர்குசன் 135. ஒருநாள் காலையில சாவியைத் திருப்புனா 'டக்'னு ஒரே ஒரு சத்தம். அதோட சரி. கடைக்கு ஆள் விட்டிருக்காரு. வந்தவங்க "பேட்டரி போச்சு"ன்னாங்க. புது பேட்டரி மாட்டுனாங்க. வண்டி எடுத்துச்சு. கொஞ்ச நாள் போனதும் திரும்ப அதே 'டக்'. இந்தத் தடவை "ஸ்டார்ட்டர் போச்சு"ன்னாங்க. கழட்டி எடுத்துட்டுப் போய், பிரஷ் மாத்தி, கட்டிக் கொண்டாந்து மாட்டுனாங்க. அதுக்கும் தனியா வெள்ளி. அப்பவும் 'டக்'.

இத்தனை நடந்ததுல ஒருத்தர்கூட பையில இருந்து மீட்டரை எடுக்கல.

(எந்தக் கடைன்னு கேக்காதீங்க. அந்தப் பழக்கம் ஒரு கடையோட நிக்கல, அதனாலதான் எழுதவே உட்கார்ந்தேன்.)

அண்ணன் என்னைக் கூப்பிட்டப்ப வண்டி புதுசா பளபளன்னு நின்னுச்சு. சிவப்பு பெயின்ட். "எப்பண்ணே அடிச்சீங்க?"ன்னேன். "தீபாவளிக்கு முன்னாடிதான்டா தம்பி, அழகா இருக்குல்ல?"ன்னாரு. அழகாத்தான் இருந்துச்சு. பேட்டரியோட மைனஸ்ல இருந்து வண்டி உடம்புக்குப் போற பட்டை வயரைத் தேடிப் பார்த்தேன். அது உட்கார்ற இடத்துலயும் பெயின்ட். வயரைக் கழட்டி, அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிச்சு, காய்ஞ்சதும் திரும்ப மேலயே முறுக்கி வச்சிருக்காங்க. கரண்ட்டுக்கு வழி போல்ட்டோட புரி வழியா மட்டும்தான். அந்தப் புரியிலயும் துரு.

மணல் காகிதம் போட்டு இரும்பு வெள்ளையா தெரியிற வரைக்கும் தேய்ச்சு, வயரோட காதையும் தேய்ச்சு, மேல கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்குனோம். சாவியைத் திருப்புனாரு. எஞ்சின் சுத்துன வேகத்தைப் பார்த்து அண்ணன் முகம் மாறிப்போச்சு. அந்தப் பழைய பேட்டரியும் நல்லாத்தான் இருந்திருக்கு. அதைப் புதுசு வாங்குன கடையிலயே பழசு கணக்குல போட்டுட்டு வந்துட்டாரு.

சரி. கோவத்தை விடுவோம். ஏன் இப்படி ஆகுதுன்னு பார்க்கலாம்.

முதல்ல வண்டியைப் பத்தி. மாஸி 135 இங்கிலாந்துல கொவென்ட்ரி ஊர்ல, பானர் லேன் ஃபேக்டரியில 1964ல இருந்து 1975 வரைக்கும் செஞ்சது. டீசல் வண்டியில மூணு சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின். கடைசியா வந்த வண்டிக்கே இப்ப ஐம்பது வயசு. ஆனா எஞ்சின் இன்னும் திடமா நிக்குது. இன்னைக்கும் ஜொகூர்ல கோத்தா திங்கி பக்கம் கெபுன்ல டிரெய்லர் கட்டிச் செம்பனைக் குலை இழுக்குது.

(ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். சென்னையில டாஃபே கம்பெனி 1960ல மாஸி ஃபெர்குசனோட கை கோர்த்து ஆரம்பிச்சது. அவங்க வண்டியில வர்ற சிம்சன் எஞ்சினுக்கும் வேர் பெர்கின்ஸ்தான். அதனால தமிழ்நாட்டு மெக்கானிக் அண்ணன்மார் யூடியூப்ல போடுற வீடியோ நம்ம வண்டிக்கும் நிறைய ஒத்துப்போகும். சொந்தக்கார வண்டிங்க. தாராளமா பாருங்க.)

இப்ப முக்கியமான ஒண்ணு. டீசல் எஞ்சின் ஓட கரண்ட் வேணாம். பிளக் இல்ல, காயில் இல்ல. காத்தை அமுக்குற சூட்டுலயே டீசல் பத்திக்குது. எஞ்சினை நிறுத்துறதுக்கும் கையால இழுக்குற கேபிள்தான். ஒருதடவை எடுத்துட்டா பேட்டரியே இல்லாட்டியும் ஓடும். அதனாலதான் நிறைய பேர் வண்டியை மேட்டுல நிறுத்தி, உருட்டி விட்டு எடுக்குறாங்க, வருஷக்கணக்கா. கரண்ட்டுக்கு இந்த வண்டியில இருக்கிறது மூணே வேலை: எஞ்சினைச் சுத்தி எடுக்கணும், பேட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏத்தணும், லைட் எரியணும். கார் மாதிரி கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கையால தொட்டுத் தொட்டுப் போனா எந்தக் கோளாறும் மாட்டிக்கும்.

"உருட்டி எடுத்தா போச்சு"ன்னு விடவும் முடியாது. குலையை வெட்டிட்டா நேரம் ஓட ஆரம்பிச்சிடும். பழம் அடிபட அடிபட எண்ணெயில புளிப்பு ஏறும். 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குப் போய்ச் சேரணும்னு சொல்றது அதுக்குத்தான். குலை வாங்குற ரெம்ப்ல லேட்டா இறக்குனா தரம் பார்த்து விலையில கை வைப்பாங்க. ஒரு வயர் சரியில்லாம ஒரு சுற்று அறுவடைக் காசு குறையுறதை நினைச்சா எனக்கு வயித்தெரிச்சல்.

இப்ப எர்த்.

இந்த டிராக்டருக்கு சேசிஸ்னு தனியா ஒண்ணு கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், மூணையும் போல்ட் போட்டு இறுக்குனதுதான் வண்டியோட முதுகெலும்பு. கரண்ட் பிளஸ் வயர்ல ஸ்டார்ட்டருக்குப் போகும். திரும்பி வர்றது இந்த இரும்பு வழியா, அந்தப் பட்டை வயர் வழியா. போற வழியை எல்லாரும் பார்க்குறாங்க. வர்ற வழியை யாரும் திரும்பிப் பார்க்குறதில்ல.

கணக்கு ஒண்ணு போடுவோம். ஸ்டார்ட்டர் டீசல் எஞ்சினைச் சுத்தும்போது 250 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குங்க. எர்த் ஜாயின்ட்ல வெறும் 0.01 ஓம் தடை இருந்தா? 250 பெருக்கல் 0.01. ரெண்டரை வோல்ட் அங்கேயே போச்சு. சுத்தும்போது பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும். அதுல ரெண்டரை போனா ஸ்டார்ட்டருக்கு ஏழரைதான் மிச்சம். அது சுத்தாது. 'டக்'னு மட்டும் சொல்லும்.

அதே ஜாயின்ட் வழியா ஹெட்லைட் எரியும்போது? நாலு ஆம்பியர்தான் போகும். இழப்பு 0.04 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. லைட் ஜோரா எரியும்.

புரியுதா? "லைட் நல்லா எரியுது, அப்போ வயரிங் சரிதான், ஸ்டார்ட்டர்தான் போச்சு"ன்னு சொல்றாங்கல்ல, அந்த முடிவு இங்கதான் தப்பாகுது. மீட்டரை ஓம்ல வச்சுப் பார்த்தாலும் பிடிபடாது. சாதா மீட்டரோட ரெண்டு வயருக்குள்ள இருக்கிற தடையே 0.01 ஓமை விடப் பல மடங்கு அதிகம்.

புது பேட்டரி போட்டதும் கொஞ்ச நாள் ஓடுச்சே, அது? புது பேட்டரி முழுசா சார்ஜ் ஆகி வரும். சுத்தும்போதும் வோல்ட் அவ்வளவா இறங்காது. ஜாயின்ட் திங்கிறதைத் தின்னாலும் மிச்சம் ஸ்டார்ட்டருக்குப் போதும். கொஞ்சம் இறங்குனதும் பழைய கதைதான். கடைக்காரர் சொன்னது சரின்னு எல்லாரும் நம்புறதும் அந்தச் சில நாள் ஓட்டத்தாலதான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு பெரியவர். தோட்டத்துப் பட்டறையில வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட மீட்டர் கிடையாது. பழைய ஹெட்லைட் பல்பு ஒண்ணு, அதுல நீளமா ரெண்டு வயர். அவ்வளவுதான். "ஏன் மாமா சின்ன டெஸ்ட் லைட் போதாதா?"ன்னு கேட்டேன்.

"சின்ன லைட்டுக்குப் பசி இல்லைய்யா. அரை உயிர்ல இருக்கிற வயர்லயும் எரியும். இது தின்னும். தின்னும்போதுதான் வயரோட யோக்கியதை தெரியும்."

55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். உள்ள நூல் நூலா அறுந்து ரெண்டு இழை மட்டும் மிச்சம் இருக்கிற வயர்லயும் மீட்டர் 12.5 வோல்ட்னு காட்டி ஏமாத்திடும். பல்பைப் போட்டா மங்கிப்போகும். லைட் வயர், சாவி வயர் எல்லாத்துக்கும் இந்தப் பல்பு போதும். ஸ்டார்ட்டர் வழிக்கு மட்டும் ஸ்டார்ட்டரையே பல்பாக்கணும், அதாவது சுத்தும்போதே அளக்கணும். எந்தப் புத்தகத்தையும் பார்க்காம இப்படி வேலை பார்த்த ஆளுங்க இந்த வட்டாரத் தோட்டங்கள்ல நிறைய இருந்தாங்க. பிள்ளைங்க ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், சிங்கப்பூர்னு போயிட்டாங்க. கைவேலையைக் கேட்டு எழுதி வச்சவங்க குறைச்சல். இந்தப் பதிவு எழுத அதுவும் ஒரு காரணம்.

சுத்தும்போது அளக்குறது எப்படி? மீட்டர் 20 வோல்ட் டிசியில இருக்கட்டும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ரெண்டையும் பாருங்க. ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிச்சுக்கணும், எஞ்சின் எடுக்கக்கூடாது. மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ் குமிழ்ல, ஈயக் குமிழ்லயே, கிளாம்ப் மேல இல்ல. இன்னொரு முனை ஸ்டார்ட்டர் உடம்புல, பெயின்ட் இல்லாத இடமா. ஒருத்தரைச் சாவி திருப்பச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்குக் கீழ காட்டுனா எர்த் நல்லா இருக்கு. ஒண்ணு, ஒன்றரைன்னு ஏறுனா கோளாறு அங்கதான். அப்ப முனையைக் குமிழ்ல இருந்து கிளாம்ப்புக்கு, கிளாம்ப்ல இருந்து வயர் காதுக்கு, அங்கிருந்து எஞ்சின் உடம்புக்குன்னு நகர்த்துங்க. எங்க எண் தடால்னு மாறுதோ அந்த ஜாயின்ட்தான் திருடன். பிளஸ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி பிளஸ் குமிழ்ல இருந்து ஸ்டார்ட்டர் ஆணி வரைக்கும். பத்து வினாடிக்கு மேல சுத்த விடாதீங்க, ஸ்டார்ட்டர் சூடாகும்.

சத்தமே பாதி சொல்லிடும். 'டகடகடக'ன்னு வேகமா அடிச்சா பேட்டரி இறங்கியிருக்கு, இல்ல ஜாயின்ட் சரியில்ல. ஸ்டார்ட்டரோட காந்த சுவிட்ச்சான சோலினாய்டு இழுக்குது, உடனே வோல்ட் விழுது, விட்டுடுது, திரும்ப இழுக்குது. ஒரே ஒரு கனமான 'டக்'னா பெரிய வயர்ல இழப்பு, சோலினாய்டு உள்ள செம்பு கருகினது, இல்ல ஸ்டார்ட்டர் பிரஷ். சத்தமே இல்லையா? அப்போ சின்ன வயர். சாவி சுவிட்ச், இல்லன்னா நியூட்ரல் சுவிட்ச்.

நியூட்ரல் சுவிட்ச்சைப் பத்திக் கொஞ்சம் நிதானமா பேசணும்.

135ல ஹை-லோ லீவர் நடுவுல, நியூட்ரல்ல இருந்தாத்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். வயசாகி அந்த சுவிட்ச் மக்கர் பண்ணும். லீவரை லேசா ஆட்டிக்கிட்டே சாவி திருப்புனா எடுக்கும். பார்த்திருப்பீங்க. உடனே ஆளுங்க என்ன பண்றாங்க? ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்திடுறாங்க. அதைவிட மோசம், கீழ நின்னுக்கிட்டே ஸ்டார்ட்டர் ஆணி ரெண்டுக்கும் நடுவுல ஸ்க்ரூ டிரைவர் வைக்கிறது. வண்டி கியர்ல இருந்தா டீசல் உடனே பிடிச்சு வண்டி நகரும். நீங்க நிக்கிறது பின் சக்கரத்துக்கு முன்னாடி. உலகம் பூரா டிராக்டர்காரங்க செத்துப்போற வழிங்கள்ல இது ஒண்ணு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. உங்க வண்டியில யாராவது அப்படி முறுக்கி வச்சிருந்தா இன்னைக்கே பிரிச்சு ஒழுங்கான சுவிட்ச் போடுங்க. பேட்டரி, ஸ்டார்ட்டரோட ஒப்பிட்டா அந்த சுவிட்ச் விலை ஒண்ணுமே இல்ல.

நம்ம ஊர்ல வயரிங் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகுது? மழை, ஈரம், அது தெரிஞ்சதே. எனக்குப் பெரிய எதிரி பாஜா, அதான் உரம். செம்பனைக்குப் போடுற பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. உப்பு வகை. அதை மூட்டை மூட்டையா ஏத்தி இறக்குறது இதே டிராக்டர் டிரெய்லர்லதான். தூள் பறந்து பேட்டரி மேல, பின் லைட் சாக்கெட் மேல, வயர் காது மேல உட்காரும். மழை பெய்ஞ்சா உப்புத்தண்ணி. செம்பு பச்சையா பூத்துடும். பாஜா போட்ட அன்னைக்குச் சாயங்காலம் வண்டி மேல நல்ல தண்ணி அடிச்சு விடுங்க. இந்த ஒரு பழக்கம் வயருக்குப் பல வருஷம் ஆயுசு கொடுக்கும்.

அடுத்த எதிரி எலி. செம்பனைத் தோட்டத்துல எலிக்குப் பஞ்சமே இல்ல. பழம் தின்னது போக வயர் மேல் தோலையும் கடிக்கும். தோட்டங்கள்ல கம்பத்து மேல பெட்டி வச்சுக் கூகை வளர்க்குறாங்களே, அது இந்த எலிக்காகத்தான். (எங்க கெபுன் பெட்டியில ஒரு ஜோடி குடி வந்திருக்கு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!) வண்டிக்குள்ள எலி கடிச்ச வயரைத் தேட, டேஷ் போர்டுக்குக் கீழ கட்டு கட்டா போற இடத்தையும், வண்டி பாட்டுக்கு ஓரமா மாசக்கணக்குல நிக்கும்போது எலி கூடு கட்டுற இடத்தையும் பாருங்க.

மூணாவது வெள்ளம். 2006 டிசம்பர்லயும் அடுத்து 2007 ஜனவரியிலயும் ஜொகூர் ஆறு ஏறிக் கோத்தா திங்கி டவுனே ரெண்டு தடவை முங்குனது நம்மள்ல யாருக்கு மறக்கும்? முங்குன வண்டியில எல்லாரும் எஞ்சின் எண்ணெயைத்தான் முதல்ல நினைச்சாங்க. வயரை யாரும் நினைக்கல. வயர் முனையில தண்ணி ஏறுனா பிளாஸ்டிக் தோலுக்குள்ளயே செம்பு இழை வழியா ஊறி உள்ள போயிடும். வெளிய வயர் புதுசு மாதிரி இருக்கும். வருஷம் கழிச்சு விரலால நசுக்கிப் பாருங்க, மொறுமொறுன்னு இருக்கும். வெட்டுனா உள்ள கறுப்பும் பச்சையுமா தூள். அந்த வயருக்கு மருந்து கிடையாது, மாத்தணும். வெள்ளத்துல மாட்டுன வண்டிக்கு முதல் வேலை, சாவியைத் தொடாம பேட்டரி மைனஸைக் கழட்டுறது. சேறு புகுந்த ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் பிரிச்சுக் கழுவிக் காய வச்ச பிறகுதான் கரண்ட்.

இப்ப சார்ஜிங். இதுல ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல்ல எண்: வண்டி நிக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட். 12.2னா பாதிதான். எஞ்சினை எடுத்து வேகம் ஏத்துனா 13.8ல இருந்து 14.4க்குள்ள வரணும். ஏறவே இல்லன்னா சார்ஜ் இல்ல. 15ஐத் தாண்டுனா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி வெந்துடும்.

நிறைய 135ல பழைய டைனமோவை எடுத்துட்டு லூகாஸ் ஆல்டர்னேட்டர் போட்டிருப்பாங்க. அந்தப் பழைய ஆல்டர்னேட்டர் தானா முழிக்காது. சாவியைப் போட்டதும் டேஷ்ல எரியுதே சிவப்பு லைட், அந்த பல்பு வழியா போற துளி கரண்ட்தான் உள்ள காந்தத்தை எழுப்பும். காந்தம் வந்தாத்தான் சார்ஜ். அந்த 2.2 வாட் பல்பு ஃபியூஸ் போனா? ஆல்டர்னேட்டர் தூங்கும். எல்லாரும் ஆல்டர்னேட்டரை மாத்தப் பார்ப்பாங்க, கோளாறு ரெண்டு வெள்ளி பல்புல இருக்கும். பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு அங்க எல்ஈடி போட்டாலும் இதேதான், எல்ஈடி விடுற கரண்ட் பத்தாது. சாவியை ஆன் பண்ணி எஞ்சின் எடுக்குறதுக்கு முன்னாடி சிவப்பு லைட் எரியுதான்னு பாருங்க. எரியலன்னா பல்பை முதல்ல மாத்துங்க. ஒரு பல்பு எச்சரிக்கையும் பண்ணி, எழுப்பவும் செய்யுதே, அதை யோசிச்ச மனுஷனை நேர்ல பார்த்தா கை கொடுக்கணும்.

டைனமோவே இருக்கிற வண்டியா? ரொம்ப நாள் சும்மா நின்னா டைனமோ உள்ள மிச்சம் இருக்கிற காந்தம் போயிடலாம். பேட்டரியில இருந்து ஃபீல்டு ஆணிக்கு ஒரு கணம் வயரைத் தொட்டு எடுத்தா திரும்ப வரும். ஆனா அதைச் செய்யுறதுக்கு முன்னாடி வண்டி எந்த எர்த்னு பாருங்க. பழைய பிரிட்டிஷ் வண்டிங்கள்ல பிளஸை உடம்போட சேர்த்ததும் உண்டு. பேட்டரியில எந்தக் குமிழ் உடம்புக்குப் போகுதுன்னு கண்ணால பார்த்துட்டு அப்புறம் கை வைங்க. ஆல்டர்னேட்டர் வண்டியில எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழட்டிச் 'சார்ஜ் ஆகுதா'ன்னு பார்க்குறவங்களும் இருக்காங்க. டையோடு எரிஞ்சு போகும். வேண்டவே வேண்டாம்.

ராத்திரி நல்லா இருந்த பேட்டரி காலையில செத்துக் கிடந்தா கசிவு. மைனஸ் வயரைக் கழட்டி, குமிழுக்கும் வயருக்கும் நடுவுல சின்ன டெஸ்ட் லைட் போடுங்க. சாவி ஆஃப். லைட் எரியுதுன்னா யாரோ குடிக்கிறாங்க. ஒவ்வொரு வயரா பிடுங்கிக்கிட்டே வாங்க, எப்ப அணையுதோ அவர்தான். இன்னொண்ணு, பெர்கின்ஸ் இன்டேக்ல தெர்மோஸ்டார்ட்னு ஒரு சாமான் இருக்கும், குளிர் நாட்டுல காத்தைச் சூடாக்கி எஞ்சின் எடுக்க. கோத்தா திங்கி வெயிலுக்கு அது எதுக்கு? அதுக்குப் போற கரண்ட் வயர் பல வண்டியில மேல் தோல் உரிஞ்சு எஞ்சின்ல உரசிக்கிட்டு இருக்கும். அந்த வயரைச் சாவி முனையிலயே கழட்டி, நுனிக்கு டேப் சுத்திடுங்க.

மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ்ல ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுடுங்க, நிறுத்துனதும் திருகி அணைச்சிடலாம். வேலை பார்க்கும்போது மோதிரம், கைச்சங்கிலி கழட்டி வச்சிடுங்க. எர்த் பக்கத்தை முதல்ல கழட்டணும், கடைசியா மாட்டணும். பேட்டரி பக்கத்துல சிகரெட் கூடாது, சார்ஜ் ஆகும்போது வர்ற வாயு வெடிக்கும்.

உங்க வண்டியில சுத்தும்போது எர்த் பக்கம் எத்தனை வோல்ட் காட்டுச்சுன்னு மாடலோட கீழ எழுதுங்க. ஃபோர்ட்சன், ஃபோர்டு 5000 வச்சிருக்கவங்களும் எழுதுங்க. டிரெய்லர் பின் லைட் சாக்கெட்டை அடுத்த தடவை பிரிச்சுப் பார்ப்போம்.